பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள்: விஷம் உள்ளே போனவரை முதலில் பார்ப்பவருக்கு

டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில், அவசர சிகிச்சைப் பிரிவில் மட்டும் இருபது வருடத்துக்கு மேல் செவிலியராக நின்றிருக்கிறேன். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, குறுவை நட்டு, சம்பாவுக்கு நாற்று விட்டு, பயிரில் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் ஏறும் மாதங்களில் வாசலில் அடிக்கடி கேட்கும் குரல் இதுதான்: “சிஸ்டர், மருந்தக் குடிச்சுட்டாங்க!”

“என்ன மருந்து?” என்று கேட்போம். “வயலுக்கு அடிக்கிற மருந்துங்க” என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

நம் பேச்சில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புகையானுக்கு அடிப்பதும் மருந்து, களைக்குத் தெளிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ ரசாயனங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கொடுக்கும் முறிவு மருந்து இன்னொன்றுக்கு உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும். உள்ளே போனது எது என்று தெரிந்துவிட்டால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும்.

கிராமத்தில் புதிதாகச் சேர்ந்த சுகாதாரச் செவிலியருக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்களுக்கும், இதை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத வீட்டு மனிதர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பாம்புக்கடி தனிப் பாடம், அதை இங்கே தொடவில்லை.

முதலில் மூச்சு

ஆளைப் பார்த்ததும் விஷத்தைப் பற்றி யோசிக்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? வாயில் நுரையோ வாந்தியோ அடைத்திருக்கிறதா? அடைத்திருந்தால் துணியைச் சுற்றிய விரலால் வெளியே தெரிவதை மட்டும் துடைத்து எடுங்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முகம் சற்றுத் தரையை நோக்கி இருக்கட்டும். வாந்தி வந்தால் அது வெளியே வழிய வேண்டும், நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். பாசம்தான். ஆனால் அந்தக் கிடப்பில் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வரும் வழி முழுக்க, ஆட்டோவிலும் வேனிலும்கூட, ஒருக்களித்தே கிடக்கட்டும்.

மூச்சே இல்லை என்றால் நெஞ்சுக்கு நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், விஷம் உங்களுக்கும் ஒட்டும்.

கூடவே ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கூட்டம் கூடினால் ஆளுக்கு ஒரு யோசனை வரும், ஆனால் போன் மட்டும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். “தம்பி, நீ 108 கூப்பிடு” என்று ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள்.

உடம்பில் கொட்டியதைக் கழற்றிக் கழுவுங்கள்

பூச்சிமருந்து வாய் வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் இறங்கிக்கொண்டே இருக்கும். நனைந்த சட்டை, கைலி, புடவையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அரைஞாண் கயிறு, தாயத்துக் கயிறு, தோல் பெல்ட் எல்லாம் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். சோப்புப் போட்டுத் தலைமுடி, காது மடல், நகக்கண் வரை கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் மூச்சுத் திணறுகிறது, வண்டி வந்துவிட்டது என்றால் துணியை மட்டும் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். குளிப்பாட்ட நின்று நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

இது எனக்கு வலிக்கிற இடம். சாணியைக் கரைத்து ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, விளக்கெண்ணெய் என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். வாந்தி எடுத்தால் விஷம் வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் செய்கிறார்கள். நடப்பதோ வேறு. பாதி மயக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றியது மூச்சுக்குழாயில் போகிறது. உப்புத் தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பைக் கொண்டுவருகிறது. மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவை திரும்ப மேலே வரும்போது இரண்டாவது முறையாகச் சுடுகின்றன. பாலும் எண்ணெயும் சில விஷங்களை உடம்பில் இன்னும் சீக்கிரம் சேர்த்துவிடும். நெல் மூட்டைக்கு வைக்கும் புகை மாத்திரை ஈரம் பட்டால்தான் வாயுவை விடும், அதற்கு வெறும் தண்ணீரும் ஆகாது.

அதனால் பால், மோர், தண்ணீர் எதுவும் வேண்டாம். தொண்டைக்குள் விரலை விடவும் வேண்டாம். தானாக வாந்தி வந்தால் வரட்டும்.

பெயரும் நேரமும்

ஒருவர் நோயாளியோடு கிளம்பட்டும். இன்னொருவர் வீட்டிலேயே நின்று ஐந்து நிமிடம் தேடட்டும். கட்டிலுக்கு அடியில், மோட்டார் கொட்டகையில், மாட்டுக் கொட்டகை எறவாணத்தில், வைக்கோல் போருக்குப் பின்னால், வரப்பு ஓரத்தில் பாருங்கள். பாட்டில், டப்பா, பாக்கெட், மாத்திரை அட்டை எது கிடைத்தாலும் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் வந்து சேரத் தாமதமாகும் என்றால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். போட்டோ எடுப்பவர்கள் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயரும் அதன் விழுக்காடும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் முறிவு மருந்தும் அச்சாகியிருக்கும், அதையும் எறியாமல் கொண்டுவாருங்கள்.

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், குயினால்பாஸ் என்று ‘பாஸ்’ என முடியும் பூச்சிமருந்துகள் பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே குடும்பம். அசிபேட்டும் அதே குடும்பம்தான், பெயரில் தெரியாது. சைபர்மெத்ரின் போல ‘த்ரின்’ என முடிவது வேறு வகை. இரண்டையும் கலந்து ஒரே பாட்டிலில் விற்கிறார்கள் என்பதால் லேபிளை முழுசாகப் பார்க்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ஈ.சி. என்று இருந்தால் அதில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானும் இருக்கும். அந்தக் கரைப்பானே நுரையீரலைக் கெடுக்கும்.

லேபிளில் உள்ள வண்ண முக்கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமை இறங்கிக்கொண்டு போகும். “நீலம்தான் சிஸ்டர், ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருந்தவர்கள் உண்டு. அந்த நிறம் சோதனைக்கூட விலங்குகளைக் கொண்டு போட்ட கணக்கு. குடித்த ஒரு மனிதர் பிழைப்பாரா என்பதை அது சொல்லாது. எந்த நிறமானாலும் கிளம்பி வாருங்கள்.

“அது தடை பண்ண மருந்தாச்சே, நம்ம வீட்டுல இருக்காது” என்றும் நினைக்காதீர்கள். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல் நிறுத்தியது. டைகுளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் எல்லாம் 2020 கடைசியோடு தடைக்குள் வந்தன. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மீது 2023-ல் மத்திய அரசு தடை போட்டது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. ஆனால் தடைக்கு முன்னால் வாங்கியது பரணில் கிடக்கும். தாத்தா காலத்து டப்பாவையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

குவார்ட்டர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைத்தது என்றால் லேபிள் இருக்காது. அப்போதும் அந்தப் பாட்டிலை எடுங்கள். யார் வாங்கினார்கள், எந்த உரக்கடையில், எதற்கு என்று கேளுங்கள். புழுவுக்கா, களைக்கா, எலிக்கா, குருணையா, தண்ணீர் மாதிரியா? கடைக்காரருக்குப் போன் போட்டால் பெரும்பாலும் நினைவில் இருக்கும், ரசீதும் இருக்கும்.

நேரத்தையும் மணி சொல்லிக் குறியுங்கள். “காலைல” என்றால் எங்களுக்குப் போதாது. கடைசியாக அவரை நன்றாகப் பார்த்தது எத்தனை மணி, கீழே விழுந்து கிடக்கப் பார்த்தது எத்தனை மணி என்று இரண்டையும் சொல்லுங்கள். கூட மது குடித்தாரா, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ தினமும் மாத்திரை போடுகிறவரா என்பதும் தெரிய வேண்டும்.

எங்கே போவது

எட்டத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போய்விடலாம் என்று கார் பிடிப்பவர்கள் உண்டு. கோடியக்கரையிலோ முத்துப்பேட்டைப் பக்கத்திலோ இருந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மூச்சு அடைக்கும் பூச்சிமருந்துக்கு அந்த ஒரு மணி நேரம் நீண்டது. வழியில் இருக்கும் அரசு மருத்துவமனையில் மூச்சைச் சரிசெய்து, அந்த மருந்துக்கு முறிவான அட்ரோபின் ஊசியைத் தொடங்கி, ஆக்சிஜனோடு 108-இல் திருவாரூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்புவார்கள். அதை நேரம் வீண் என்று நினைக்காதீர்கள்.

வண்டிக்குக் காத்திருக்கும்போது சந்தேகம் இருந்தால் டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மருத்துவர்களும் கூப்பிட்டுக் கேட்கும் எண் அது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள்

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் எத்தனையோ வீடுகள் பொய் சொல்கின்றன. “தலவலி மாத்திரைன்னு நெனச்சு தெரியாம…” என்று ஒரு அப்பா சொன்னார். மகளின் கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கி, வாயில் எச்சில் ஒழுகி, நெஞ்சில் சளி களகளத்தது. அது தலைவலி மாத்திரை இல்லை என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கால் மணி நேரம் கழித்துச் சித்தப்பா வந்து பாட்டிலை நீட்டினார். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனாலும் அந்தக் கால் மணி நேரம் எனக்கு மறக்கவில்லை.

விஷம் என்றால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். அது எங்கள் கடமை. ஆனால் தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. போலீஸ் வரும்வரை சிகிச்சை நிற்கக் கூடாது என்பதும் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் பெயரை மறைக்காதீர்கள். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் “சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்று எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. “டியூப் போட்டு வயித்தக் கழுவல” என்று சண்டைக்கு வருவார்கள். வயிறு கழுவுவது குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வந்த சிலருக்குத்தான் பயன்படும். மண்ணெண்ணெய், ஆசிட் குடித்தவருக்குச் செய்யவே கூடாது. சிலருக்கு, விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும் கரிக்கரைசல் கொடுப்போம். கழுவவில்லை என்பதால் கவனிக்கவில்லை என்று ஆகாது.

வார்டில் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது

ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் ஊசி சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்து ஏறும், நெஞ்சுச் சளி காய்ந்து மூச்சு தெளியும்வரை. அப்போது நோயாளி பிதற்றலாம், இல்லாத பொருளைப் பிடிக்கக் கையை நீட்டலாம், போர்வையைப் பிய்க்கலாம், உடம்பு கொதிக்கலாம். மூளை கலங்கிவிட்டது, காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று பயந்து மந்திரிக்க ஆள் தேடுவார்கள். அட்ரோபினின் வேலைதான் அது, அளவைக் குறைத்தால் தெளிந்துவிடும். எங்களிடம் சொல்லுங்கள், போதும்.

நான் மிகவும் கெஞ்சிக் கேட்பது அடுத்த கட்டத்துக்காக. இரண்டாம் நாள் கண் திறந்து பேசுவார், காபி கேட்பார். “நல்லாயிட்டான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று கையெழுத்துப் போட நிற்பார்கள். இந்த வகைப் பூச்சிமருந்தில் முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், தெளிந்த பிறகு, கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்ந்துபோவது உண்டு. வீட்டில் இருந்தால் இரவில் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பக்கத்தில் போகும்போதெல்லாம் “தலையணையிலேர்ந்து தலையத் தூக்குப்பா” என்று சொல்லுங்கள். நேற்றுத் தூக்கியவருக்கு இன்று முடியவில்லை என்றால் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள். வென்டிலேட்டரில் சில நாளோ சில வாரமோ வைத்துக் காப்பாற்றி அனுப்பியவர்கள் இன்றைக்கும் வயலில் நிற்கிறார்கள்.

எலி பேஸ்ட், சில களைக்கொல்லிகள், அளவுக்கு மீறிய பாரசிட்டமால் ஆகியவையும் இதே போல ஏமாற்றும். முதல் நாள் வாந்தி, பிறகு ஒன்றுமில்லாதது போல ஒரு அமைதி. அந்த அமைதியில்தான் கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டுக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனையை நம்புங்கள், முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாரசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் கல்லீரல் தப்பிவிடும். அரளி என்றால் இதயத் துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடந்து வந்தார் என்பதற்காக ஈ.சி.ஜி. வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

குடிக்காமலே விஷம் ஏறும் இடம்

மருந்தடிக்கும் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் இதைப் படியுங்கள். மத்தியானம் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்தால் எல்லாரும் வெயில் என்பார்கள். வெயிலால் வரும் மயக்கத்தில் எச்சில் ஒழுகாது, கண்பாவை சுருங்காது. வியர்வை ஊற்றி, பார்வை மங்கி, வயிறு முறுக்கி, சதை துடித்தால் அது மருந்து. உடனே பம்பை இறக்கி, துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, வேறொருவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அடைத்த நாசிலை வாயால் ஊதுவதை நிறுத்துங்கள், ஒரு பழைய டூத் பிரஷ் போதும். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள். முழுக்கை சட்டை, கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு காலையிலோ மாலையிலோ அடியுங்கள். கை கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள். எலியைப் பிடிக்க நம் ஊர் மூங்கில் பொறியான கிட்டி இருக்கிறது, தஞ்சாவூர்க் கிட்டி என்று வெளியூரிலும் பெயர் பெற்றது. அதைக் கட்டத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் விஷத்துக்கு முன்னால் அவரைத் தேடுங்கள்.

நெல் மூட்டைக்குப் புகை மாத்திரை வைத்த அறையிலோ அதன் பக்கத்து அறையிலோ யாரும் படுக்கக் கூடாது. தலைவலி, வாந்தி வந்தால் எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள், அப்புறம் 108.

குழந்தைகள், சாராயம்

குழந்தை மண்ணெண்ணெய் குடித்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இருமல் இருக்கிறதோ இல்லையோ ஆறு மணி நேரமாவது மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்கட்டும். கற்பூரமும் நீலகிரித் தைலமும் சிறு பிள்ளைக்கு வலிப்பைக் கொண்டுவரும். பாச்சை உருண்டை ரத்த அணுக்களை உடைக்கும். பாட்டியின் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போனாலும் கூட்டி வாருங்கள். மாத்திரையை “மிட்டாய்” என்று சொல்லி ஊட்டாதீர்கள்.

சாராயம் குடித்துச் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துப் பார்வை மங்கினால், பனிமூட்டம் போலத் தெரிந்தால், அது கள்ளச் சாராயத்தில் கலக்கும் மெத்தனால் என்ற விஷமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் அதில்தான் போனார்கள். கூடக் குடித்த எல்லாரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்துக் கூட்டி வர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வருகிறார்களோ அவ்வளவு கண் மிஞ்சும்.

வீட்டுக்குத் திரும்பும் முன்

அவர் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாளே யாராவது ஒருவர் போய் மிச்ச மருந்து, பழைய மாத்திரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தேவையான மருந்தை மட்டும் வாங்குங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் பூட்டிய பெட்டியில் வையுங்கள், சாவி வேறு வீட்டில் இருக்கட்டும். கோபமும் துக்கமும் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள். காலிப் பாட்டிலை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். வாய்க்காலில் எறியாதீர்கள்.

“ஏன்டா இப்படிப் பண்ணுனே” என்று கேட்காமல் “சாப்டியா” என்று கேளுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, அரசின் 104 இரண்டும் தமிழில் பேசும். மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பூச்சிமருந்து குடித்த சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாதம் மரத்து, கெண்டைக்கால் வலித்து, நடை தளரும். சீட்டில் எழுதியிருக்கும் மறுபரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வரும்போது பழைய சீட்டோடு, குடித்த மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள், அன்றைக்கு வேறு மருத்துவர் இருக்கலாம்.